வெங்காயத்தோலில் ஒரு செங்கல் சுவர்

"சார், நாளைக்கு கம்பெனிலேர்ந்து வராங்களாம்," என்று தலைமையாசிரியை லீலா வந்து சொன்னபோது, கோதண்டராமன் எட்டாம் வகுப்பு அறிவியல் விடைத்தாளில் சிவப்பு மையால் 'கவனம் தேவை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மேடம்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி மைக்ராஸ்கோப் குடுத்தாங்கல்ல? பசங்க அதை எப்படி யூஸ் பண்றாங்கன்னு பாக்கணுமாம். திருப்தியா இருந்தா நமக்கு சயின்ஸ் லேப் கட்டித் தராங்களாம்."

கோதண்டராமன் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அந்த நுண்ணோக்கி பீரோவுக்குள், ஒட்டிய டேப்கூடப் பிரியாமல் இருந்தது. உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒருவரும் சொல்லாததால், அதைத் திறக்கிற பேச்சே இதுவரை எழவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாதாமாதம் கம்பெனிக்குப் போகும் படிவத்தில், 'தினமும் பயன்படுகிறது. மாணவர்கள் வெங்காயத்தோலின் செல்களைக் கண்டு மகிழ்கிறார்கள்' என்று எழுதி அனுப்பியவர் சாட்சாத் இந்த மனிதர்தான். பாவம் பிள்ளைகள், இருபத்து நான்கு மாதமாக மகிழ்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் லேப் வேண்டும். அதில் மட்டும் பொய்யே இல்லை. அறிவியல் பாடம் சைக்கிள் ஷெட்டில்தான் நடக்கிறது. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகிறபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்று, அது போன பிறகு விட்ட இடத்தைத் தேட வேண்டும். பதினாறு வருஷமாக அவர் அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

மத்தியானமே பெட்டியைப் பிரித்தார். நுண்ணோக்கி புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது.

"இன்னா சார், புத்தம் புதுசா கீது?" என்றாள் முதல் பெஞ்சு கவியா.

"அதாம்மா பிரச்சினை. ரெண்டு வருஷம் பழசா தெரியணும்."

"அவ்ளோதானே சார்? வுடுங்க!"

அந்த வகுப்பில் பாதிப் பேருடைய அப்பா அம்மா சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். டார்கெட் என்று ஒன்று கொடுத்தால், அதைத் தாண்டிக் காட்டுவது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் தூள், சைக்கிள் செயின் கிரீஸ், உப்புத்தாள் எல்லாம் வந்தன. அரை மணி நேரத்தில் நுண்ணோக்கி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மீட்கப்பட்டது மாதிரி ஆகிவிட்டது.

"போதும்டா! ரெண்டு வருஷம்தான் கேட்டேன், இருபது வருஷம் இல்ல!" என்று கோதண்டராமன் அலறினார்.

உடனே சோப்பு போட்டுக் கழுவினார்கள். கிரீஸ் போகவில்லை. கம்பெனி பெயர் போட்ட 'அன்பளிப்பு' ஸ்டிக்கர்தான் கையோடு வந்தது. பதறிப்போய் அதைப் பசை தடவி ஒட்டியவர் கோதண்டராமன். காய்ந்த பிறகுதான், தலைகீழாக ஒட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது.

போகட்டும், பாடமாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று சத்துணவுக் கூடத்திலிருந்து வெங்காயம் வாங்கி வந்தார். தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, குனிந்து பார்த்தார்.

வெள்ளையாக ஒரு வட்டம். வேறொன்றும் இல்லை.

திருகைத் திருகினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அவர் படித்தது வேதியியல். பள்ளி நாளில் ஒரே ஒரு முறை நுண்ணோக்கியில் பார்த்து, தன் இமை முடியையே வரைந்து, அதற்கு மார்க்கும் வாங்கிய மேதை. கோளாறு தன்னிடம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"தெரியுதா சார்?" என்று நாற்பத்திரண்டு பேரும் கேட்டார்கள்.

"ம்... அருமையா தெரியுது. வரிசையா வந்து பாருங்க."

முதலில் பார்த்தவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செங்கல் சுவர் மாதிரி கீது சார்!" என்றான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அடுத்தவனும் செங்கல் என்றான். பத்தாவது ஆள் நியூக்ளியஸையே பார்த்துவிட்டான். முப்பதாவது ஆள், அது நகர்கிறது என்று சத்தியம் செய்தான்.

கவியா மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். "சார், ஒண்ணுமே தெரில. வெள்ளையா கீது."

"நல்லா பாரும்மா."

"நல்லாத்தான் சார் பாக்கறேன். வெள்ளையாத்தான் கீது."

எனக்கும் அதே கதிதான் தாயே என்று சொல்லிவிட அவருக்கு நாக்கு துடித்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "உனக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கு. வீட்ல சொல்லி டெஸ்ட் பண்ணிக்கோ."

மறுநாள் காலையில் கவியா கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஓ.டி.யை வுட்டுட்டு படப்பைக்கு இட்டுனு போனாரு சார். கண்ணாடிக் கடையில கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். கண்ணு சூப்பரா கீதாம்."

கோதண்டராமனுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "அது வந்து... அது தூரப் பார்வைம்மா. இது உள்பார்வை," என்று உளறினார். "இன்னிக்கு நீ கடைசி பெஞ்சுல உக்காரு. கை மட்டும் தூக்காத."

பதினோரு மணிக்கு வேன் வந்தது. இறங்கியவர் சாம்சன், கம்பெனியில் பள்ளி உதவிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. கிரீஸ் படிந்த நுண்ணோக்கியையும் தலைகீழ் ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டு, "பரவால்லியே சார், நல்லாவே யூஸ் பண்ணியிருக்கீங்க," என்றார்.

"எல்லாம் பசங்க ஆர்வம் சார்."

"யாராவது ஒருத்தர் வந்து பார்த்துச் சொல்லுங்க."

நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. பார்வையிட வருகிறவர்களுக்கே உரிய கெட்ட புத்தியோடு சாம்சன், தூக்காத கையைத் தேடிப் பிடித்தார். "கடைசி பெஞ்சு பாப்பா, நீ வாம்மா."

கவியா வந்தாள். குனிந்தாள். நிமிர்ந்து கோதண்டராமனைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"ஒண்ணும் தெரில சார்."

லீலா மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"பொண்ணுக்குக் கண்ணு கொஞ்சம் வீக் சார்," என்று கோதண்டராமன் வழிந்தார்.

"வீக்கெல்லாம் இல்ல சார், நேத்துதானே டெஸ்ட் பண்ணோம்!" என்றாள் கவியா.

"இருங்க, நானே பாக்கறேன்," என்று சாம்சன் குனிந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. திருகைத் திருகினார். கண்ணை மாற்றினார். இன்னும் கட்டாத லேப் இடிந்து விழுகிற சத்தம் கோதண்டராமனின் காதில் கேட்டது.

சாம்சன் நிமிர்ந்து கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஆகா, என்ன க்ளாரிட்டி! அப்படியே செங்கல் சுவர்!" என்றார். "நியூக்ளியஸ்கூட தெரியுதே!"

கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. சாம்சன் அங்கேயே ஒரு தாளை வாங்கி, லேப் கட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். லீலா மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கோதண்டராமனுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்கு வந்த அதிகாரிக்குக்கூடத் தெரிகிறது. தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எட்டாம் வகுப்பு, இன்னொருவர் அவளுக்கு வாத்தியார். அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாயங்காலம் படப்பைக் கண்ணாடிக் கடைக்குத் தானும் போவது என்று முடிவு செய்தார்.

அப்போது வேன் டிரைவர் பிச்சையா ஒரு சின்ன டப்பாவோடு உள்ளே வந்தார்.

"சார், இத எங்க வைக்கட்டும்?"

"என்னய்யா அது?" என்றார் சாம்சன்.

"இந்த மைக்ராஸ்கோப்புக்கு உண்டான லென்சு சார். அன்னைக்குப் பெட்டியில வைக்காம விட்டுட்டாவளாம். மத்த பள்ளிக்கூடத்துக்காரவ எல்லாம் மறுநாளே சண்ட போட்டு வாங்கிட்டுப் போயிட்டாவ, இவுக மட்டுந்தான் ரெண்டு வருசமா கேக்கவே இல்லியாம்."