நான் நீந்திக் கடந்த கடல்

வீரம் வாயில் இருக்கும்வரை எவருக்கும் ஆபத்தில்லை. அதைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்த அப்பாவி நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மெல்பேர்ணின் மேற்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் ஆங்கிலோ-சாக்சன் காலத்து வீரர்கள். அந்தக் காலத்து வீரன் சண்டைக்குப் போகுமுன் விருந்து மண்டபத்தில் எழுந்து நின்று தன் பெருமையை முழங்க வேண்டும். முழங்கியபின் பின்வாங்கினால் மானம் போய்விடும்.

"நீங்களும் ஒவ்வொருவராக எழும்பி முழங்குங்கள்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. தன்னைத் தானே புகழ்வது இந்த நாட்டில் பெரிய வெட்கக்கேடு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. (நமக்கோ அது இல்லாமல் ஒரு கலியாணமும் ஒப்பேறாது.) வழிகாட்ட நானே மேசையில் தட்டினேன். "நான் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவன்! என் பெயரைக் கேட்டால் அலைகள் அடங்கும்!"

ஒரே கைதட்டல். அடுத்த வாரம் நடக்கவிருந்த ஆசிரியர்களின் நீச்சல் போட்டியில் மாணவர்கள் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

அது வெறும் உதாரணம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் ஒரே கறுத்த வாத்தியார் நான். ஒரு தவணை முழுக்கப் பாடுபட்டு அடக்கிய வகுப்பு அது. பொய்யன் என்று பெயரெடுத்தால் பிறகு சோக்குத் துண்டுகூட என் சொல் கேட்காது.

வீட்டில் மனைவி திகைத்துப் போனாள். "இஞ்சருங்கோ, உங்களுக்கு நீந்தத் தெரியுமே? ஊரில கிணத்தடியில வாளியால அள்ளித்தானே குளிச்சனீங்கள்?"

"ஓமப்பா. ஆனா வாத்தியார் எண்டா சொன்ன சொல்லு மாறக்கூடாது."

"சொல்லு மாறினாப் பரவாயில்லை. ஆள் திரும்பி வாங்கோ."

அந்த வாரம் முழுக்கக் குளியல் தொட்டியில் முகத்தை அமிழ்த்திப் பழகினேன். மூக்குக்குள் தண்ணீர் போனதுதான் மிச்சம்.

பழைய வீரர்கள் இரும்புக் கவசத்தோடு கடலில் நீந்தினார்களாம். போட்டியன்று நான் இரவல் கால்சட்டையோடு நீச்சல் குளத்தில் குதித்து நேரே அடிக்குப் போனேன். மேலே எங்கோ மாணவர்கள் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. செத்தேன் என்றே நினைத்தேன்.

பக்கத்து வரிசையில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவர் எங்கள் கணக்கு ரீச்சர். ஐம்பது வயது தாண்டியவர். போட்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, என் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக் கரைசேர்த்தார். இருமி முடித்ததும், "என் உயிரைக் காத்த வீராங்கனையே..." என்று நான் ஒரு பிரசங்கம் தொடங்கினேன்.

அவர் காதில் புகுந்த தண்ணீரை உதறினார். "சேச்சே, நான் அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஆயிரம் வருடத்தில் வீரம் எவ்வளவு மாறிப்போயிற்று என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

திங்கட்கிழமை கரும்பலகையில், கடலடியில் என்னைப்போலவே கண்ணாடி போட்ட மீன் ஒன்று வரைந்திருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதன்பின் அந்த வகுப்பு எனக்கு ஒரு தொல்லையும் தரவில்லை.

கணக்கு ரீச்சரின் வசனத்தை என் மனைவி வீட்டு வசனமாக்கிவிட்டாள். யாருக்கு யார் என்ன உதவி செய்தாலும், நன்றி சொன்னால் அதுதான் பதில்.

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஒப்பரேசன் நடந்தது. கண்விழித்தபோது, சிட்னியில் வேலைபார்க்கும் மகன் கட்டிலருகே கதிரையில் இருந்தான். விடியவிடியக் கார் ஓட்டி வந்திருக்கிறான். கண்கள் சிவந்திருந்தன.

"ஏனடா தம்பி, இவ்வளவு தூரம்?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தனான் அப்பா."