மைனஸ் அண்ணனும் டிசம்பர் வானமும்

காரைக்குடியில் எதைக் கொடுத்தாலும் முதலில் கழித்துப் பார்க்கிற ஒரே மனிதர் எங்கள் ஆய்வுக்கூடத்து மைனஸ் அண்ணன்தான். கேன்டீனில் "சாம்பார் எப்படிண்ணே?" என்றால், "காரத்தக் கழிச்சா புளி, புளியக் கழிச்சா தண்ணி. தண்ணி நல்லாருக்கு" என்பார். தேவகோட்டை பஸ் முக்கால் மணி நேரம் தாமதமானால், "நின்ன நேரத்தக் கழிச்சா நீங்க பறந்துல்ல வந்திருக்கீக!" என்று கண்டக்டரைப் பாராட்டுவார். கண்டக்டர் அடிக்க வருவார்.

அவர் ஆய்வும் கழித்தல்தான். கிரகங்களுக்கு நடுவே மிதக்கிற பொடித்தூசி வெயிலில் சூடேறி அகச்சிவப்பில் மினுங்கும். விண்கலம் எங்கே பார்த்தாலும் அந்த மினுக்கத்தின் ஊடாகத்தான் பார்க்க வேண்டும். அதைக் கழித்து, விண்மீன்களையும் கழித்தால் மிஞ்சுகிற மங்கல்தான் அண்டத்தின் பின்னணி வெளிச்சம். நாலு வருடம் பாடுபட்ட பிறகு அண்ணனுக்கு மிச்சம் கிடைத்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே!

அன்று காலை பத்து மணிக்கு நிபுணர் குழு. அவர்கள் தலையாட்டினால் டாக்டர் பட்டம். கண்டரமாணிக்கத்தில் அவர் மாமா அவசரப்பட்டு ஃப்ளெக்ஸே வைத்துவிட்டார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு.

ஒன்பதேகாலுக்கு அண்ணன், அவருக்கு உதவியாளான என்னிடம் கேட்டார்: "ஆத்தா, இந்தப் படம் ஜூன்ல எடுத்தது. அதே எடத்த டிசம்பர்லயும் எடுத்திருப்பாகல்ல, எங்க?"

கோப்புகளைப் பிரித்துக் கொடுத்தது நான். டிசம்பர் கோப்பு திறக்க அடம்பிடித்ததால் 'பழுது' என்று ஒதுக்கியதும் நான். சொன்னேன். திட்டவில்லை.

"தெறந்து பாப்பம்."

"இப்பயா? குழு வந்துருச்சுண்ணே!"

"பூமி நகந்தா தூசியப் பாக்குற கோணம் மாறும். பின்னணி மாறாது. ரெண்டு மாசமும் மிச்சம் ஒண்ணா இருந்தா செயிச்சோம். மாறுச்சுன்னா..." லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

கோப்பில் முதல் வரி மட்டும்தான் கோணல். சரிசெய்ததும் திறந்தது. உடனே கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் பதினொரு சதவீதம். நோட்டை எடுத்து விசிறினேன், எனக்கா லேப்டாப்புக்கா என்று தெரியாமல்.

"விசிறாதத்தா, தூசி கெளம்புது."

ஒன்பது ஐம்பத்தெட்டு. திரையில் கோடு வந்தது. டிசம்பர் மிச்சம் ஜூனைவிட உயரத்தில் நின்றது. அண்டத்து வெளிச்சம் என்று நாங்கள் கொண்டாடியதில் சரியாகக் கழியாத தூசியும் இருக்கிறது.

"யாருக்கும் தெரியாதுண்ணே. பழைய படத்தையே போடுங்க." வெட்கம்தான், ஆனால் சொன்னேன்.

"நமக்குத் தெரிஞ்சுருச்சே" என்றபடி எழுந்து போனார்.

குழு முன் இரண்டு கோடுகளையும் போட்டார். "இதுல தூசி எம்புட்டு, அண்டம் எம்புட்டுன்னு இன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியலங்கய்யா."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "டிசம்பர் அளவை ஏன் இத்தனை நாள் பார்க்கலை?"

நான் நாற்காலியில் பாதி எழுந்துவிட்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பழுதுன்னு நெனச்சு நாந்தான் ஒதுக்கிட்டேங்கய்யா."

மறுபடி கணக்கிட்டு ஆறு மாதத்தில் வரச் சொன்னார்கள். வாசலில் "அண்ணே, அது நான்..." என்று ஆரம்பித்தேன். "பசிக்குது, வா" என்று முன்னால் நடந்தார்.

அந்த ஆறு மாதமும் கணக்கு மேஜையில் அவர் பக்கத்து நாற்காலி என்னுடையது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.