ஞாயித்துக்கிழமை டெம்போ வேணாம்

ஆரம்பாக்கத்தில் இருக்கும் அன்புத் தம்பி தனசேகருக்கு, பழவேற்காட்டிலிருந்து அக்கா காந்தா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீடும் மூன்று கோழியும் நலம். அங்கு நீயும் வளர்மதியும் நோய்நொடி இல்லாமல் இருக்க கங்கையம்மனை வேண்டுகிறேன்.

எழுத்தைப் பார்த்து யாரோ எழுதிக் குடுத்ததுன்னு நினைக்காதே, நானேதான் எழுதறேன். புயலுக்கு ஒதுங்கற கட்டடத்துல பெரியவங்களுக்குன்னு ஒரு மையம் தொறந்தாங்களே, அங்க கீதான்னு ஒரு பொண்ணு எட்டு மாசமா எழுத்து சொல்லித் தருது. உன் மாமா இருந்தப்ப அவருதான் போய்ப் படின்னு தொரத்தி விட்டாரு. போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நான் ஒரு வார்த்தை பேசினா நீ ஒம்பது வார்த்தை பேசற. காயிதத்துல நடுவுல பூந்து பேச முடியாது இல்ல, அதான். விஷயம் இன்னான்னா, வர்ற ஞாயித்துக்கிழமை டெம்போ கொண்டாந்து என்னையும் என் கட்டிலையும் ஏத்திக்கினு போய் உன் வீட்லயே வச்சுக்கப்போறேன்னு சொன்னியே, அது வேணாம். நான் வரல.

கோவப்படாம மேல படி. போன மாசம் மீன் ஏலத்துல கூடையோட மயங்கி விழுந்தேன், நீ பதறிக்கினு ஓடியாந்த, அதெல்லாம் நான் மறக்கல. ஆனா அன்னிக்கு கீதா ஒரு ஃபாரம் எடுத்தாந்து "பெரியவருக்கு என்ன தேவை?"ன்னு கேட்டா. கேட்டது உன்னை. நீ சொன்ன, அவ எழுதினா. தனியா இருக்கக் கூடாது, யாராவது கண்ணுலயே வச்சுப் பாத்துக்கணும்னு சொன்ன. மாமா போய் ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து முறுக்குத் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கினு இருந்தேன். மறுநாள்தான் மையத்துக்குப் போய், ஏம்மா, தேவை எனக்கா என் தம்பிக்கான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு மொகம் சுருங்கிப்போச்சு. பாத்தா மையத்துல எல்லாருக்கும் அதே கதை. ஆதிநாராயணன் அண்ணன் பக்கத்துலயே இருக்கறப்ப அவரு மவன் கிட்ட, அப்பாவுக்குக் காது கேக்குமான்னு கேட்டாங்களாம். கேக்காதுன்னு அவன் சொன்னது இவருக்கு நல்லாவே கேட்டுச்சாம்.

கீதா நல்ல பொண்ணு. சரி, பெரியவங்க நீங்களே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கங்க, யாரு யாரைன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டு, அப்புறம் தானே ஒரு லிஸ்டும் போட்டாந்தா. ஆதிநாராயணன் அண்ணன் விடல. "ஏரியில எடம் பிரிக்கறதே சீட்டு போட்டுத்தான், மனுஷனைப் பிரிக்கறதுக்கு லிஸ்டா?"ன்னுட்டாரு. ஏரியில எந்த எடத்துல யாரு வலை கட்டறதுன்னு சீட்டு எடுத்து முறை மாத்திக்கிற பாடு உனக்குத் தெரியாததா. மீனு உள்ள எடமும் ஒருத்தனுக்கே இல்ல, சேறும் ஒருத்தனுக்கே இல்ல. அதே மாதிரி இருபத்திரண்டு பேரு சீட்டு எடுத்தோம். இந்த வாரம் காலைல யாரு யாரு வூட்டுக்குப் போய் சாப்ட்டாங்களா, மாத்திரை போட்டாங்களா, வழுக்கி கிழுக்கி விழுந்தாங்களான்னு பாக்கணும், அடுத்த வாரம் ஆள் மாறும். பொம்பளைங்களுக்கு ஏரியில பாடு கிடையாது, எனக்கு அறுவத்தாறு வயசுல இங்க கெடைச்சுது. நல்ல எடம் எது, சேத்து எடம் எதுன்னு பிரிக்கறப்பதான் தகராறு. என் வூட்டை சேத்து எடத்துல போட்டுட்டாங்க. போனா ஒரே அழுகை, ஒரு டீ கூட வராதுன்னு என் எதுர்லயே சொன்னாங்க. வாஸ்தவம்தான்.

இந்த சேத்து எடம் மொதல் சீட்டுல யாருக்கு விழுந்துச்சு தெரியுமா? ஒரு கூடை இறாலுக்காக ஏலத்துல என்கூட சண்டை போட்டு ஒம்பது வருஷமா பேசாம இருந்த முனியம்மாவுக்கு. காலைல ஆறு மணிக்கு வாசல்ல வந்து நின்னுக்கினு, "இன்னாமே, உசுரோட கீறியா? சீட்டுல டிக் போடணும்"னா. நான் மாத்திரையை எடுத்து வாயில போட்டேன். அவ கவரைப் புடுங்கிப் பாத்துட்டு, யாருதுன்னு கேட்டா. என்னுதுன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "மேல ஒரு பேரு எழுதிகீது, படி"ன்னா. ஆறே எழுத்து. பாத்த ஒடனே மனசுக்குள்ள படிச்சுட்டேன், வாய்ல வரல. கல்யாணமாகி நாப்பத்திமூணு வருஷத்துல அந்தப் பேரை நான் சொன்னதே இல்ல, ரேஷன் கடையில கேட்டாக்கூட எதுர் வூட்டு துளசிச் செடியைத்தான் காட்டுவேன். அவ விடுவாளா? "எட்டு மாசமா நோட்டைத் தூக்கிக்கினு போற, ஒரு பேரு படிக்கத் தெரியல, போய் கீதாகிட்ட ஃபீஸைத் திருப்பி வாங்கு"ன்னா. ஃபீஸே கிடையாது, அதுகூட எனக்கு அப்போ தோணல. வந்த ரோசத்துல "துளசிங்கம்"னு கத்திட்டேன். கோழி மூணும் வேலி தாண்டி ஓடிச்சு.

சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது, அது அவரு பிரஷர் மாத்திரைன்னு. தெரியாம இல்ல. பிரஷர் மாத்திரை உப்பு மாதிரி, எல்லாருக்கும் ஒன்னுதான்னு நெனைச்சேன். மூணு மாசத்துக்கு வாங்கி வச்சிருந்தாரு. மனுஷன்தான் போயிட்டாரு, மாத்திரையாவது வீணாவ வேணாம்னு அவரு போட்டுக்கிற நேரத்துக்குக் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு நான் போட்டுக்கினு வந்தேன். அந்த நேரம் வந்தா கையி சும்மா இருக்க மாட்டேங்குதுடா. முனியம்மா இழுத்துக்கினு போய்க் காட்டினா, டாக்டரம்மா பாத்துட்டு எனக்குப் பிரஷரே இல்லைன்னுட்டாங்க. இல்லாத பிரஷரை எறக்கினா மயக்கம் வராம இன்னா வரும்? நிறுத்தினதுல இருந்து தலை சுத்தல் இல்ல. அந்தப் பேரைச் சொன்ன அன்னிக்கு நான் அழுது முடிக்கற வரைக்கும் முனியம்மா எழுந்திருக்கல. அவளே டீ போட்டா. பாயசம் மாதிரி இருந்துச்சு, குடிச்சேன்.

கீதா புது ஃபாரம் குடுத்தா, இந்தத் தடவை நானே எழுதினேன். பெரியவருக்கு என்ன தேவை: கண்ணாடி. குளிக்கற எடத்துல புடிச்சுக்க ஒரு கம்பி. சீட்டு முறைப்படி காலைல ஒரு ஆளு. மாசத்துக்கு ஒரு தரம் தம்பி, ஏத்திக்கினு போறதுக்கு இல்ல, உக்காந்து பேசறதுக்கு.

அதனால டெம்போக்காரனுக்கு வேணாம்னு சொல்லிடு. நீயும் வளர்மதியும் நூறு வயசு நல்லா இருங்க, அம்மன் உங்க வாசல்லயே நிக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா காந்தா

பி.கு: இன்னிக்கு சனிக்கிழமை. தபால்ல போட்டா இது உனக்குத் திங்கக்கிழமைதான் வருமாம், நீ நாளைக்கே வந்து நின்னுடுவ. அதனால விடிஞ்சதும் மொதல் பஸ் புடிச்சு நானே கொண்டாந்து குடுக்கறேன். வரமாட்டேன்னு இவ்ளோ எழுதிட்டு துணிப்பையோட வந்து நிக்கறாளேன்னு சிரிக்காதே. மாமா போனது ஒரு ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு மட்டும் அந்த வூட்ல இருக்க முடியல. நாலு நாள் உன்கூட இருக்கறேன். புதன்கிழமை சாயந்தரம் பஸ் ஏத்தி விட்டுடு, வியாழக்கிழமை காலைல இருந்து முனியம்மா வூட்டுக்கு நான் போற முறை. இப்ப இதை மடிச்சு வச்சிட்டு, என் மடியில இருக்கற மஞ்சப் பையை வாங்கி வளர்மதிகிட்ட குடு. நண்டு உசுரோட கீது, ஒன்னு கட்டு அவுத்துக்கிச்சு.