அடுத்த தீவிலிருந்து சம்பந்திக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகனின் மாமனாராகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் தங்கள் மனைவியும் சுகம். அங்கு தங்கள் பாய்மரப் படகும் தாங்களும் சுகமா? படகை முதலில் விசாரித்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். தாங்களே அந்த வரிசையைத்தான் கடைப்பிடிக்கிறீர்கள்.

நம் நால்வரின் கடல் பயணத்தில் அந்தத் தீவுத் துறையில் நின்றிருந்தபோது, இன்று காலை தாங்கள் படகின் எஞ்சினுக்குள் தலையை விட்டிருக்க, நான் குனிந்து, "சம்பந்தி, நாங்க மூணு பேரும் அடுத்த தீவு வரைக்கும் போயிட்டு வந்துடறோம்" என்றேன். தாங்கள் "உம்" என்றீர்கள். அது எனக்கா எஞ்சினுக்கா என்று யோசிக்க நேரமில்லை. சம்பந்தியம்மா அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு, துறையில் புறப்படத் தயாராக நின்ற பயணிகள் படகில் ஏறிவிட்டார்கள். காரணம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமலும் இருக்கலாம் என்பதால் எழுதிவிடுகிறேன். தலைக்குக் குளிக்க இன்னொரு வாளி நல்ல தண்ணீர் கேட்டதற்கு, "சுத்தி இவ்வளவு தண்ணி இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றீர்கள். கேப்டன் என்ற முறையில் அது சரியான பதில். கணவர் என்ற முறையில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர்களைத் தனியே அனுப்ப முடியாமல் நாங்களும் ஓடி ஏறினோம். எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. தீவிலிருந்து கிளம்பும் படகு இன்னொரு தீவுக்குத்தானே போகும்? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் இதைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

படகோட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்து, "காலு நல்லாத்தானே இருக்கு? உங்களுக்கு எதுக்குப் படகு?" என்றார். கடல்காரர்களின் குசும்பு என்று விட்டுவிட்டேன். அந்தப் படகு கரையோரத் துறைகளிலெல்லாம் நின்று நின்று, மூட்டை இறக்கி மூட்டை ஏற்றி, மதியம்வரை ஓடியது. என் மனைவி வாந்தி எடுத்தாள். ஓர் ஆடு என் மடியில் தலை வைத்துத் தூங்கியது, எழுப்பினேன், எழவில்லை. இறங்கியதுமே இது முற்றிலும் வேறு தீவு என்று கண்டுகொண்டேன். அங்கே வெள்ளை மணல், இங்கே செம்மண். காற்றும் எதிர்ப்பக்கமிருந்து வீசுகிறது. ஜனங்களின் நடையிலேயே ஒரு நிதானம். என் மனைவி மட்டும் குன்றின் மேலிருந்த செல்போன் கோபுரத்தைக் காட்டி, "இதே கோபுரம் அங்கேயும் இருந்துச்சுங்க. அதுலயும் உச்சி பல்பு எரியலை" என்றாள். எல்லாக் கோபுரங்களையும் ஒரே கம்பெனிதான் கட்டுகிறது, பல்பையும் அவர்களேதான் வாங்குகிறார்கள் என்று விளக்கினேன். "ஆமாமா, நீங்க சொன்னா சரி" என்றாள். அந்த 'ஆமாமா'வைக் கல்யாணமான நாளிலிருந்து நான் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

விடுதியில் ஓர் அறை கிடைத்தது. இரண்டு கட்டில், தலையாட்டும் மின்விசிறி, கதவு சாத்த முடியாத ஜன்னல். ஆனால் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. சம்பந்தியம்மா குளித்துவிட்டு வந்தார்கள். மறுபடி போய்க் குளித்தார்கள். பிறகு தலையைத் துவட்டியபடி, "அண்ணா, நான் இனிமே அந்தப் படகுல ஏறமாட்டேன்" என்றார்கள்.

"அப்போ வீட்டுக்கு?"

"விமானத்துல போறேன். இல்ல, இங்கேயே இருக்கேன். அவருக்கு அந்தப் படகே போதும். அதை வாரா வாரம் குளிப்பாட்டி, துடைச்சு, எண்ணெய் போட்டு விடறாரு. எனக்கு ஒரு வாளி தண்ணி கிடையாது."

"கோபத்துல பேசாதீங்க அண்ணி" என்றாள் என் மனைவி.

"கோபமே இல்ல. பசிக்குது."

சம்பந்தி, சாப்பிட்ட பிறகும் அவர்கள் பேச்சு மாறவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. நாளை விடிந்ததும் பாய் விரிப்பேன், யாருக்காகவும் நிற்கமாட்டேன் என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. எங்களுக்குத் திரும்பும் படகு நாளை மாலைதான். கூப்பிட்டுச் சொல்லலாமென்றால், பயணத்தின் அமைதி கெடும் என்று எல்லோருடைய செல்போனையும் தாங்கள் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டீர்கள். ஆகவே தாங்கள்தான் இங்கே வரவேண்டும். துறையிலிருந்து நேர் வடகிழக்கு, சுமார் அரை நாள். நடுவில் நீரோட்டம் பலமாக இருக்கிறது. சூரியனைப் பார்த்து நானே கணித்தது, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மன்னிப்பெல்லாம் வேண்டாம். "வா" என்று ஒரு வார்த்தை போதும்; படகிடம் பேசும் குரலில் சொன்னால் இன்னும் விசேஷம். தாங்கள் ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாக ஊர் போய்ச் சேர்ந்தால், பிள்ளைகளுக்கு நாம் என்னவென்று சொல்வது?

தங்களுக்குத் தீர்க்காயுளும் படகுக்கு நல்ல காற்றும் அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் "உம்"மை நம்பிக் கிளம்பிய சம்பந்தி.

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டதால் இதை உறையின் மேல் எழுதுகிறேன். முதலில் இதைத்தான் படிப்பீர்கள். அப்படியானால் உள்ளே இருப்பதைப் பிரிக்கவே வேண்டாம். ஏதாவது மீன்படகில் இன்றிரவே சேர்க்கச் சொல்லிக் கொடுத்தபோது, விடுதிக்காரர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அந்தத் துறையா? குன்றைத் தாண்டினா வந்துடுமே. நானே சைக்கிள்ல போய்க் கொடுத்துடறேன்" என்றார். என் மனைவி "ஆமாமா" என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது எல்லோரும் அந்தக் கோபுரத்தின் அடியில் நிற்கிறோம். கீழே தங்கள் படகு தெரிகிறது. தாங்கள் மேல்தளத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைநோக்கியால் நடுக்கடலைத் துழாவிக்கொண்டிருக்கிறீர்கள். சம்பந்தியம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த மனுஷன் என்னைக்குச் சரியான பக்கம் பார்த்தாரு!" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். சைக்கிள் எங்களுக்குச் சற்று முன்னால் வந்து சேரும். ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். பிறகு, தயவுசெய்து, திரும்பிப் பாருங்கள்.