மச்சானின் முந்நூறு

இறந்துபோன என் மச்சானை நானூறு ஆக்கிவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தேன்.

விளக்கிவிடுகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வயது. சிறுநீரகம் கைவிட்ட பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒன்றரை வருஷம் கிடந்தான். கிடந்தபடியே டிவியில் ஒரு பேஸ்பால் கேம் ஆடுவான். நிஜ மட்டையைத் தொட்டதே இல்லை. கேமுக்குள் தன் பெயரிலேயே ஓர் ஆட்டக்காரனை உண்டாக்கி வைத்திருந்தான். அந்த ஆள் நன்றாக ஓடினான். இவன் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

இவன் போய் மூன்று மாதம். அந்த ஆள் மட்டும் திரையில் இருந்தான், பெயருக்கு எதிரே .300 என்ற சராசரியோடு. நூறு தடவை அடிக்க நின்று முப்பது தடவை சரியாக அடித்தவன் என்று அர்த்தம். தினமும் நான் குளிக்கப் போகும் நேரத்தில் மனைவி பின்னறைக்குப் போவாள். நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது கண் சிவந்து வெளியே வருவாள். கேட்டால், "தூசி தட்டினேன்" என்பாள். மூன்று மாதமாகத் தட்டும் அளவுக்கு அந்த அறையில் தூசி கிடையாது.

அந்த முந்நூறு நானூறானால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பாவது வராதா? நான் லிப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றியவன். ஓர் எண்ணை ஏற்ற முடியாதா?

செவ்வாய் எனக்கு வார லீவு. அவள் பல் டாக்டர் கிளினிக்குக்கு வேலைக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தேன். மட்டையைச் சுழற்றினேன். காற்றுக்குப் பலத்த அடி. பந்துக்கு ஒன்றுமில்லை. மூன்று முறை அவுட். நாலாவது முறை பட்டேவிட்டது! எதிரணிக்காரன் கையில் விழுந்த பந்து நழுவ, நம்ம ஆள் ஓடிப்போய், 'பேஸ்' என்று சொல்கிற முதல் தளத்தில் நின்றான். துள்ளினேன். முழங்கால் கட்டிலில் இடித்தது. தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தால், .288.

இறந்தவனை மேலும் இறக்கிவிட்டேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன்.

"ஏம்மா, பேஸ்பால்ல ஒருத்தன் பந்தை அடிச்சு, ஓடிப்போய் தளத்துலயும் நின்னுட்டான்னா, சராசரி ஏறணும்தானே?"

"எதிராளி கை நழுவ விட்டதால நின்னானா?"

"ஆமா."

"அப்ப அது இவன் அடிச்சதாகாது. அவுட் கணக்குதான். இறங்கும்."

"அநியாயமா இருக்கே!"

"ஆஸ்பத்திரியில தம்பி சொல்லிக் கொடுத்தான். நீங்க ஏன் கேக்கறீங்க?"

"சும்மா. வேலை செய்யற எடத்துல பேசிக்கிட்டாங்க."

"லிப்டுக்குள்ளயா?"

நான் தண்ணீர் குடித்தேன். நிறையக் குடித்தேன்.

அடுத்த செவ்வாய், எப்படியாவது பழைய எண்ணையாவது மீட்கலாம் என்று கேமைத் திறந்தேன். .300! கும்பிட்டேன். மெஷினே மனசு இரங்கித் திருத்திக்கொண்டது என்று நினைத்தேன். பிறகுதான் பக்கத்து எண்களைப் பார்த்தேன். நூற்றுப்பத்துக்கு முப்பத்துமூன்று. கூடவே 'நடை' என்ற கட்டத்தில் எழுபத்தொன்று.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

வாசலில் மனைவி. கைப்பையை மறந்து திரும்பி வந்திருந்தாள். நான் ஜாய்ஸ்டிக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அதன் ஒயர் முன்னால் தொங்கியது.

"நீயா ஆடினே?"

"தினமும் ஆடறேன். ஒரே ஒரு தடவை அவனை நிக்க வைப்பேன். மட்டையை ஆட்டவே மாட்டேன். நாலு பந்து மட்டைக்கு எட்டாம வெளிய போச்சுன்னா முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். அது சராசரியில சேராது."

"நேரா மூணு போட்டுட்டா அவுட்டாச்சே?"

"அதுக்கு முன்னாடி சேவ் பண்ணாம அணைச்சுடுவேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கடைசியில அவன் பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியாம எவ்வளவு அழுதான். இங்கயாவது நடக்கட்டும்னுதான்."

ஜாய்ஸ்டிக்கை முன்னால் எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"போன வாரம் நீங்க கெடுத்து வச்சதைச் சரி பண்ண ஆறு தடவை நிக்க வேண்டியிருந்தது. மூணு அடிச்சேன். மூணு அவுட்டாகவும் விட்டேன்."

"எதுக்கு? ஆறையும் அடிச்சிருந்தா முந்நூறைத் தாண்டியிருக்குமே!"

"அவன் வச்சிட்டுப் போனது முந்நூறுதாங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த மூணு அவுட்டையும் நானே சேவ் பண்ணினேன் பாருங்க. அப்பதான் அவன் போயிட்டான்னு எனக்குப் புரிஞ்சுது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் என்ன செய்வான்? முழங்காலைத் தேய்த்தேன்.

"என் மேல கோபமா?"

"இல்ல. உங்களுக்கும் ஓர் ஆளைப் பண்ணி வச்சிருக்கேன். உங்க பேருதான்."

நெஞ்சு நிறைந்தது. "மச்சானோட அணியிலயா?"

"எதிரணியில. பந்து போடறவர். செவ்வாய்க்கிழமைல நீங்க போடுங்க, நான் அவனை நிக்க வைக்கறேன். நாலு பந்தும் வெளிய போகணும், அவ்வளவுதான். குறி தப்பறதுல உங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது."

அவ்வளவு நம்பிக்கையோடு என் மனைவி என்னிடம் எந்த வேலையையும் ஒப்படைத்ததில்லை. கிளினிக்குக்குப் போன் செய்து அரைநாள் லீவு சொன்னாள். மச்சான் மட்டையோடு வந்து நின்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனசாரக் கோணலாகப் போட்டேன்.

போட்ட மூன்றும் நேராகப் போய் விழுந்தன.