பெருந்தேவி தந்த பல்சக்கரம்

எங்கள் அகத்துக் கோவிலாழ்வாரில் எழுந்தருளியிருக்கும் பேரருளாளனுக்குப் பின்னே வளைவாக நிற்கும் திருவாசி ஒன்றைப் பித்தளையில் என் கையாலேயே செதுக்கிச் சமர்ப்பிப்பதெனச் சங்கல்பம் செய்துகொண்டேன். உளி என் கைக்கு வணங்காது. ஆகவே மேசைமேல் வைத்து உலோகம் செதுக்கும் சிறிய மில்லிங் மெஷின் ஒன்றை வரவழைத்து, கூடத்தின் நட்டநடுவே பிரதிஷ்டை செய்தேன்.

அந்தக் கூடத்தில்தான் என் சகதர்மிணி பெருந்தேவி, சன்னதித் தெருப் பெண்களைக் கூட்டிப் பாசுரம் சேவிப்பது வழக்கம். இடம் போனதால் மாமிகள் மாடிப்படியில் ஏறி அமர்ந்து, படிக்கொருவராகச் சேவிக்கலானார்கள். மெஷின் கூடத்தை விட்டு எப்போது கிளம்பும் என்று அவள் கேட்டாள்.

"ஓடறவரைக்கும் இங்கேதான். ஓடாத அன்னிக்கு நானே வெளியே தூக்கி வெச்சுடறேன். பெருமாள் ஆணை."

"சரி" என்றாள். அந்தச் சுருக்கத்தில் நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை கிடையாது. சுழலும் கட்டரைப் பித்தளையில் ஆழமாக இறக்குவேன். அது கவ்விக்கொண்டு நின்றுவிடும். உள்ளே மோட்டாரையும் கட்டரையும் இணைக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தின் பற்கள் பொலபொலவென உதிரும். என் வாயிலாவது சில மிஞ்சியிருந்தன. புதுச் சக்கரம் மாட்டுவேன். மெஷின் புனர்ஜன்மம் எடுக்கும். மீண்டும் இறக்குவேன்; மீண்டும் உதிரும். மெஷின் சாகவுமில்லை, மாமிகள் படியிறங்கவுமில்லை.

என் திருநட்சத்திரத்தன்று பெருந்தேவி ஒரு தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம். நடுவே பளபளக்கும் எஃகுப் பல்சக்கரம். பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்தாளாம்.

"ஏன்னா, இது உடையாது. பயப்படாம அழுத்துங்கோ."

இத்தகைய உத்தமியையா சந்தேகித்தேன் என்று உருகினேன். சக்கரத்தை மாட்டினேன். அழுத்தினேன். கட்டர் கவ்வி நின்றது. ஒரு பல்கூட அசையவில்லை. வெற்றிப் புன்னகையோடு அவள் பக்கம் திரும்புவதற்குள், சாம்பிராணி போடாமலே கூடமெங்கும் புகை சூழ்ந்தது. சக்கரம் அப்பழுக்கின்றி இருந்தது. மோட்டார் பரமபதம் அடைந்திருந்தது.

"தெரிஞ்சேதான் பண்ணினியா?"

"மிக்ஸி அடியில பிளாஸ்டிக் கப்ளர் எதுக்கு வெச்சிருக்கான்? கொப்பரை சிக்கினா அது உடையும், மோட்டார் பிழைக்கும். உங்க மெஷினும் இத்தனை நாள் அப்படித்தான் பிழைச்சிண்டிருந்தது, பாவம்."

நான் மேல்துண்டால் புகையை விசிறிக்கொண்டிருக்கையில், பழைய இரும்பு வாங்கும் ஜாஹிர் பாய் சாக்கும் கையுமாகக் கூடத்து வாசற்படியில் வந்து நின்றார்.

"காலைலேர்ந்து தெருவுல நின்னுக்கினு இருக்கேன் சாமி. புகை வந்தா உள்ள வரச் சொன்னாங்க அம்மா."