டிங்கு உட்கார்ந்த மூன்று இடங்கள்

மஸ்கட்டில் நலமாயிருக்கும் அன்புள்ள ஜேசுதாஸ் மாமாவுக்கு, உங்கள் தங்கச்சி மகன் சுபின் பணிவோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் எல்லாமும் சுகம், உங்கள் வீட்டுக் குளியலறையைத் தவிர.

வாட்ஸ்அப்பில் சொன்னால் உடனே கூப்பிட்டுத் திட்டுவீர்கள் என்றுதான் மெயில். போன லீவுக்கு வந்தபோது நம்ம ஜெப்சிக்குப் பின் ரூமில் மூச்சிழுப்பு வந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, வீட்டுக்குள்ளே எங்கேயோ பூசணம் ஒளிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாரே. அது எங்கே என்று தெரியாமல் கிறிஸ்மஸுக்குப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன் என்று எலிசா மாமி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளல மாமா. வெளிநாட்டில் சுவருக்குள்ளே இருக்கிற பூசணத்தை மோந்து பிடிக்கப் பட்டியைப் பழக்குறாங்க! கண்டுபிடிச்சா குரைக்காது, சும்மா அங்கேயே உட்காரும். அந்த வீடியோவைப் பாத்துப் பாத்தே எனக்கு நெட் பேக் தீந்துபோச்சு. இரணியல் ஸ்டேஷனில் நான் எடுத்துவந்தேனே நாய்க்குட்டி டிங்கு, அவனை நானே பழக்கினேன். பூசணத்துக்கு எங்கே போக? மழையில் காயாம பாலை உறையவச்சு எடுத்த எங்க ரப்பர் ஷீட்டெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கிடந்தது. அதில் ஒரு துண்டை டப்பாவில் போட்டு ஒளிச்சு வைப்பேன். சரியான டப்பா முன்னே உட்கார்ந்தா ஒரு பொரிச்ச நெத்திலி. ஒரே மாசத்தில் புலி ஆயிட்டான்.

சனிக்கிழமை உங்க வீட்டைத் திறந்து உள்ளே விட்டேன். முதலில் பின் ரூம் கட்டிலில் கிடக்கிற ரப்பர் மெத்தை முன்னே உட்கார்ந்தான். மேலே தடவிப் பாத்தேன், சுத்தமா இருந்தது. அடுத்து நேரே குளியலறைக்குப் போய், நீங்க ஆசையாப் பதிச்ச மயில் டைல்ஸ் முன்னே உட்கார்ந்தான் பாருங்க, இழுத்தாலும் வரல்ல. ஓடிப்போய் கொத்தனார் இஸ்ரவேல் அண்ணனைக் கூட்டிவந்தேன்.

"ஏலே சுபினே, மாமன்கிட்ட கேட்டியா?"

"கேட்டா விடமாட்டாரு. நீங்க ஒடைங்கண்ணே, பட்டி பொய் சொல்லாது."

மயிலுக்குக் கழுத்துவரை போச்சு மாமா. உள்ளே ஒரு பைப்பு, அதில் ஒரு ரப்பர் வாஷர். அவ்வளவுதான். நான் அந்த வாஷரையே பாத்துக்கிட்டு நிக்கேன், டிங்கு வாசலுக்குப் போய் அண்ணன் கழற்றிப்போட்ட ரப்பர் செருப்பு முன்னே உட்கார்ந்துட்டான்.

அண்ணன் சுத்தியலைக் கீழே வச்சுட்டு சிரிச்சாரு. "மக்கா, நீ பழக்குனது பூசணத்துக்கு இல்லடே, ரப்பருக்காக்கும்!"

அம்மா சிரிக்கல. "ரப்பர் மோந்து பிடிக்குத பட்டி ரப்பர் தோட்டத்துல கெடக்கட்டும். உனக்க மாமன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" திற்பரப்பில் தோட்டம் வச்சிருக்கும் ஏசுஅடிமை சித்தப்பா வந்து டிங்குவைக் கொண்டுபோயிட்டாரு. ஆட்டோவில் ஏத்துறதுக்கு முன்னாடி அவன் என் முன்னே வந்து உட்கார்ந்தான். நெத்திலி கேக்கான்னு நினைச்சேன். பையில் ஒண்ணும் இல்லை மாமா.

அந்த மயில் டிசைன் இப்ப எந்தக் கடையிலும் வரலையாம். தப்பு முழுக்க என்னுது, மன்னிச்சுக்கிடுங்க, வாயில்லாத ஜீவனைத் திட்டாதீங்க. கிறிஸ்மஸுக்கு உங்களுக்கு நாகர்கோவிலில் நல்ல லாட்ஜா பாக்கட்டுமா? மாமிக்கும் ஜெப்சிக்கும் கர்த்தர் நல்ல சுகத்தையும் உங்களுக்கு நிறையப் பொறுமையையும் தருவாராக.

முகத்தில் முழிக்க யோக்கியதை இல்லாத,
சுபின்

பி.கு.: இதை அனுப்புறதுக்குள்ள இஸ்ரவேல் அண்ணன் போன். ஓட்டையை அடைக்கப் போனவரு பாத்திருக்காரு, அந்த வாஷர் இத்துப்போய் தண்ணி சுவருக்குள்ளேயே ஊறிக்கிட்டு இருந்திருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம்தான் பின் ரூம் அலமாரி. பின்பலகையைக் கழற்றினா கன்னங்கரேல்னு பூசணம்! ஓடிப்போய் மெத்தையைப் புரட்டினேன், அடியிலும் அதே கருப்பு. அதனால டைல்ஸுக்காக மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கிடுதேன். லாட்ஜ் வேண்டாம், கிறிஸ்மஸுக்குள்ள எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுதோம், டிக்கெட் போடுங்க. அண்ணன் செருப்பைக் கழுவி வெயில்ல காயப்போட்டிருக்காரு, நான் ஒண்ணும் கேக்கல. டிங்குகிட்ட கேக்க வேண்டிய மன்னிப்புதான் பாக்கி. திற்பரப்பு பஸ்ஸுக்கு நிக்கேன், பை நிறைய நெத்திலி.